ஒளிப்படக் கலையும் நம் மாணவரும்

(கல்விச் சங்க வெள்ளி விழாவில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

    

வெள்ளி விழா மேடையில் தலைமையாசிரியர் ஒருவரைப் பேச அழைத்தால், தேர்ச்சி விழுக்காடு, உதவித்தொகை, வேலைவாய்ப்பு ஆகியவை பற்றியே அவர் பேசுவார் என எதிர்பார்ப்பது இயல்பு. அவற்றைப் பற்றி நம்மினும் நன்கு பேசவல்ல அறிஞர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். ஆகவே நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். அது ஒளிப்படக் கலை. "வசதி படைத்தவர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு ஆயிற்றே, அது நம் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்கு விடையாக, எமது பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் பயின்ற ஒரு மாணவியின் முயற்சியை இங்கே எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

எமது பள்ளி ஊருக்கும் காலனிக்கும் நடுவில் அமைந்துள்ளது. விண்ணப்பங்களில் ஒட்டுவதற்காக மாணவரைப் படமெடுக்க, நகரத்திலிருந்து படக்காரர் ஒருவர் ஒருநாள் வந்தார். உச்சி வேளையில், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரின் முன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துச் சென்றார். படங்கள் வந்தன. சிவந்த மேனிப் பிள்ளைகளின் முகங்கள் ஓரளவு தெளிவாக இருந்தன. கறுத்த மேனிப் பிள்ளைகளின் படங்களிலோ கண்ணின் வெண்மையும் பல்லின் வெண்மையும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. கேட்டபோது, "பிள்ளைகளின் நிறம் அப்படி, காமிரா என்ன செய்யும்?" என்றார் அவர். வேண்டுமானால் கணினியில் வெளுத்துத் தருவதாகவும் சொன்னார். அவ்வாறே சில படங்கள் வெளுத்து வந்தன.

வெளுத்த படத்தைக் கையில் வாங்கிய அம்மாணவி, "ஐயா, அது கரி; இது சுண்ணாம்பு; இரண்டும் நான் இல்லை" என்றாள். அத்துடன் விட்டாளில்லை. அடுத்த அறிவியல் வகுப்பில் எழுந்து, "வீட்டுக் கண்ணாடியில் என் முகம் நன்றாகத் தெரிகிறது. காமிராவில் மட்டும் ஏன் தெரியவில்லை?" என்று கேட்டாள். நல்ல வேளையாக அவ்வகுப்பின் ஆசிரியர் அக்கேள்வியைச் சிரித்து ஒதுக்கவில்லை. "நீயே கண்டுபிடித்துச் சொல்" என்று ஒரு குறிப்பேட்டை அவளிடம் கொடுத்தார்.

அவளிடம் இருந்தது அண்ணன் பயன்படுத்திக் கழித்த பழைய கைபேசி ஒன்று; அதன் மேற்கண்ணாடியில் கீறல். தந்தை செங்கற்சூளைத் தொழிலாளி, தாய் கழனி வேலைக்குச் செல்பவர். புதுக் காமிரா வாங்குவது கனவிலும் இயலாது. ஆயினும் அறிவியலுக்கு வேண்டிய முதல் கருவி கேள்விதான். அது அவளிடம் இருந்தது.

முதலில் அவள் செய்தது ஊசித்துளைக் காமிரா. பழைய பிஸ்கட் டின் ஒன்றின் அடிப்பக்கத்தில் ஊசியால் ஒரு துளையிட்டாள். வாய்ப்பக்கத்தில் எண்ணெய் தடவிய தாளை ஒட்டினாள். தலையைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு பார்த்தபோது, பள்ளிக்கு எதிரே உள்ள வேப்பமரம் அத்தாளில் தலைகீழாகத் தோன்றியது. ஒளி நேர்க்கோட்டில் செல்கிறது என்னும் பாடம் அன்றுதான் வகுப்பு முழுமைக்கும் விளங்கிற்று. காமிராவின் அடிப்படை அவ்வளவே: இருண்ட ஒரு பெட்டி, ஒளி நுழைய ஒரு துளை, அவ்வொளியை ஏற்க ஒரு பரப்பு. 1839ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு தாகேரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்ட காலந்தொட்டு இன்றைய கைபேசி வரை கருவி எத்தனையோ மாறியிருக்கிறது. இந்த அடிப்படை மாறவில்லை.

அடுத்து, ஒளியின் அளவை எவ்வாறு கட்டுப்படுத்துவது என்பதைக் கற்றாள். தெருக்குழாயில் குடம் நிரப்புவதை எண்ணிப் பாருங்கள். குழாயை எவ்வளவு திறக்கிறோம், எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்னும் இரண்டையும் பொறுத்தே குடம் நிறையும். காமிராவிலும் துளையின் அகலம் ஒன்று, அது திறந்திருக்கும் காலம் ஒன்று. இவற்றோடு ஒளியை ஏற்கும் பரப்பின் உணர்திறன் மூன்றாவது. துளையின் அளவைக் குறிக்க 2.8, 4, 5.6, 8 என்று எண்கள் உண்டு. ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குச் சென்றால் ஒளி சரிபாதியாகக் குறையும். ஒவ்வோர் எண்ணும் முந்தையதைப் போல் ஏறத்தாழ 1.414 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். "வர்க்கமூலம் வாழ்க்கைக்கு எதற்கு?" என்று கேட்கும் மாணவர் இதைக் கவனிப்பார்களாக! தன் கைபேசியில் துளை மாறாது, காலமும் உணர்திறனும் மட்டுமே மாறும் என்பதையும் அவள் குறித்து வைத்தாள். காலம் கூடினால் கைநடுக்கத்தால் படம் கலங்குகிறது என்று கண்டு, கைபேசியைச் செங்கல்லின் மீது சாய்த்து வைத்து எடுக்கப் பழகினாள்.

இனி, அவளது முதன்மையான சோதனைக்கு வருகின்றோம். ஆட்டுக்காரத் தாத்தா ஒருவரிடம் கறுப்புக் கம்பளி ஒன்றை இரவல் வாங்கினாள். படம் முழுவதும் கம்பளி மட்டுமே தெரியும்படி ஒரு படம் எடுத்தாள். பின்னர்ச் சுண்ணாம்புச் சுவர் மட்டுமே தெரியும்படி மற்றொரு படம் எடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது வகுப்பே வியந்தது. கம்பளி கறுப்பாக இல்லை. வெளுத்துச் சாம்பலாக இருந்தது. சுவரும் வெண்மையாக இல்லை. மங்கிச் சாம்பலாக இருந்தது.

இதன் காரணம் யாது? காமிராவிற்குத் தன் முன் நிற்பது கம்பளியா, சுவரா, மனித முகமா என்பது தெரியாது. எதிரே உள்ளதெல்லாம் சேர்ந்து சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டே அதன் ஒளியளவி கணக்கிடுகிறது. தன் மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் சாம்பல் அட்டையையே ஒளிப்படக் கலைஞர் நெடுங்காலமாக அளவுகோலாகக் கொண்டுள்ளனர். வெண்சுவரின் முன் ஒரு பிள்ளையை நிறுத்தினால், சுவரின் வெளிச்சத்தைக் கண்டு, "ஒளி மிகுதி" என்று முடிவு செய்து, அளவி ஒளியைக் குறைத்துவிடுகிறது. அந்தக் குறைவு முழுவதும் கறுத்த முகத்தின் தலையில் விழுகிறது. அத்துடன் உச்சி வெயில் நெற்றியிலிருந்து கண்குழியில் நிழலை இறக்குகிறது. முகம் மறைகிறது.

ஆக, பிள்ளைகளின் நிறம் அங்கே குற்றவாளி அன்று. சுவருக்கு அளவெடுத்துவிட்டு முகத்தைப் படம் பிடித்ததே பிழை. நவீன கைபேசிகள் பல முகத்தைத் தேடிக் கண்டு அளவைச் சரிசெய்ய முயல்கின்றன என்பது உண்மையே. ஆயினும் பழைய கருவிகளிலும், விரைந்து எடுக்கும் படங்களிலும் இக்குறை இன்றும் நேர்வதைக் காண்கின்றோம்.

காரணம் தெரிந்தபின் தீர்வு தானே வந்தது. நண்பகலை விட்டு மாலை நான்கு மணியைத் தேர்ந்தெடுத்தாள். பிள்ளைகளைச் சுவரை ஒட்டி நிறுத்தாமல், நாலைந்து அடி முன்னே, தாழ்வாரத்தின் விளிம்பில், வானத்தின் பரந்த ஒளி முகத்தில் மென்மையாக விழும்படி நிறுத்தினாள். பின்சுவர் நிழலில் இருந்தது. ஒருபுறம் நிழல் மிகுந்தபோது, வெள்ளை வேட்டி ஒன்றை இரு மாணவர் விரித்துப் பிடித்து ஒளியைத் திருப்பினர். கைபேசித் திரையில் முகத்தின்மேல் விரலை வைத்து, முகத்திற்கே அளவெடுக்கச் செய்தாள். படங்கள் வந்தன. கன்னத்தின் மினுமினுப்பும், புருவத்தின் வளைவும், சிரிப்பை அடக்கிய உதடும் அப்படியே தெரிந்தன. கறுத்த மேனியில் மெல்லிய ஒளி விழும்போது எழும் பொலிவு வேறெந்த நிறத்திற்கும் குறைந்ததன்று. பின்னால் இருந்த சுவரும் வெண்மையாகவே தெரிந்தது. சிவந்த மேனிப் பிள்ளைகளின் முகங்களும் முன்னைவிட நன்றாகவே அமைந்தன. இருண்டிருந்த முகத்திற்கு அளவெடுத்ததால் எவர் முகமும் கெடவில்லை என்பதை அனைவரும் கண்டனர். அவ்வாண்டு விண்ணப்பங்களில் அப்படங்களே ஒட்டப்பட்டன.

அன்பர்களே! இக்குறை எமது பள்ளிச் சுவரோடு முடிவதன்று. வண்ணப்படச் சுருள் பெருகிய காலத்தில், வண்ணம் சரியாக உள்ளதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் பயன்பட்ட மாதிரி அட்டையில் இருந்தது வெள்ளைத் தோலுடைய பெண்ணின் படம். அத்தோலுக்கு எது சரியோ அதுவே சரி எனக் கொள்ளப்பட்டது. கறுத்த தோலின் நுட்பமான வேறுபாடுகள் படத்தில் காணாமற் போயின. சாக்லேட் செய்வோரும் மரச்சாமான் செய்வோரும் தங்கள் பொருளின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என முறையிட்டதும் சுருளைத் திருத்தியதற்கு ஒரு காரணம் என்று இத்துறையை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். மனித முகத்திற்குக் கிடைக்காத கவனம் மரப்பெட்டிக்குக் கிடைத்தது!

நம் நாட்டிலும் காமிரா நம்மவர் கைக்கு வருமுன் நம்மவர் முகத்தின் முன் வந்தது. 1868 முதல் 1875 வரை ஆங்கில அரசு 'இந்திய மக்கள்' என்ற பெயரில் எட்டுப் படத் தொகுதிகளை வெளியிட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களை நிறுத்தித் தலையையும் மூக்கையும் கருவிகளால் அளந்தார், படமும் எடுத்தார். 1909இல் வெளிவந்த தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய அவரது நூல் ஏழு தொகுதிகளைக் கொண்டது. அத்தகைய தொகுதிகளில் முகத்தின் கீழ்ச் சாதிப்பெயர் இருக்கும்; பெரும்பாலும் அம்மனிதரின் சொந்தப் பெயர் இராது. நிற்கச் சொன்னவர் ஒருவர், நின்றவர் ஒருவர். நின்றவருக்குத் தம் படத்தைக் குறித்து ஒரு சொல் சொல்லும் உரிமையும் இருக்கவில்லை.

இதனை உணர்ந்து காமிராவைத் தம் வழிக்குத் திருப்பியோரும் உண்டு. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பி விடுதலை பெற்றவர் பிரடெரிக் டக்ளஸ். கறுப்பின மக்களைக் கேலிச் சித்திரமாக வரைந்த காலத்தில், அவர் நல்லுடை உடுத்தி, காமிராவை நேராக நோக்கி, மீண்டும் மீண்டும் படமெடுத்துக்கொண்டார். அவருடைய ஒளிப்படங்களாக ஏறத்தாழ 160 கண்டறியப்பட்டுள்ளன. அந்நூற்றாண்டில் மிகுதியாகப் படமெடுக்கப்பட்ட அமெரிக்கர் அவரே என்பர். படங்களின் ஆற்றல் குறித்து மேடையேறிப் பேசவும் செய்தார்.

கார்டன் பார்க்ஸ் என்பவர் 1912இல் கான்சாஸ் மாநிலத்தில் ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பதினைந்து குழந்தைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்தார். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்க இயலவில்லை. இரயிலில் உணவு பரிமாறும் பணியாளராக இருந்தபோது, இதழ் ஒன்றில் ஏழைத் தொழிலாளரின் படங்களைக் கண்டு மனம் கலங்கினார். அடகுக் கடையில் ஏழரை டாலருக்குப் பழைய காமிரா ஒன்றை வாங்கித் தாமே கற்றார். 1942இல் வாஷிங்டன் நகரில், அரசு அலுவலகத்தைத் துப்புரவு செய்த எல்லா வாட்சன் என்ற பெண்மணியை, துடைப்பத்தோடு நாட்டின் கொடி முன் நிறுத்தி அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. பார்க்ஸ் அப்பெண்மணியை ஒரே படத்தோடு விட்டுவிடவில்லை. அவர் வீட்டிற்கும் வழிபாட்டு இடத்திற்கும் சென்று அவர் வாழ்வை முழுமையாகப் பதிவு செய்தார்.

நம் தமிழகத்தில், மதுரைப் பகுதியில் மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்த தாயின் மகன் எம். பழனி குமார், 2013இல் கடன் பெற்றுத் தம் முதல் காமிராவை வாங்கினார். துப்புரவுப் பணியாளரின் வாழ்வையும் இறப்பையும் படமாக்கினார். 2017இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் அவரே. தம் தாயின் உழைப்பையும் பதிவு செய்துள்ளார். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு இக்கலையைக் கற்பித்தும் வந்துள்ளார்.

எமது மாணவி இத்தகைய பெருங்கலைஞர் அல்லள், கற்றுக்குட்டியே. ஆயினும் பள்ளிப் படங்கள் முடிந்தபின் அவள் காலனியில் தன் கலையைத் தொடர்ந்தாள். நாற்று நட்டு முதுகு வளைந்த பாட்டி ஒருவரிடம் முதலில் சென்றாள். "செத்தா எடுக்கிற படத்தை இப்பவே ஏன் கண்ணு எடுக்கிறே?" என்று அவர் கேட்டாராம். இக்கேள்வியை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நம் முதியோர் பலருக்கு வாழ்நாளில் ஒரு படமும் இல்லை. பிணத்தை நாற்காலியில் சாய்த்து எடுத்த படமே இருக்கும். அவளோ அப்பாட்டியை வாசற்படியின் உட்புறம், வெளியொளி முகத்தில் விழும்படி அமர்த்தி எடுத்தாள். படத்தைப் பெற்றுக்கொண்ட அம்முதியவள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது எங்க அம்மா முகம்" என்றாராம். தம் தாயின் முகத்திற்கு வேறு படம் எதுவும் அவரிடம் இல்லை.

அதன்பின் வீடுதோறும் அழைப்பு வந்தது. அவள் தனக்குத்தானே சில விதிகளை வகுத்துக்கொண்டாள். கேளாமல் எவரையும் எடுப்பதில்லை. வேண்டாம் என்றால் மறுபடி கேட்பதில்லை. படத்தின் பின்புறம் அவருடைய பெயர், செய்த தொழில், எடுத்த நாள் மூன்றையும் எழுதுவாள். ஒரு படியை அவரிடமே கொடுப்பாள். தர்ஸ்டன் தொகுதிகளைப் பற்றி அவள் அறியாள். ஆயினும் அவற்றில் விடுபட்டது எதுவோ அதை அவள் கை எழுதியது.

இளைஞர்களே! இம்முயற்சியிலிருந்து உங்களுக்குச் சில சொல்ல விழைகின்றோம்.

ஒன்று: கருவிக்காகக் கடன்படாதீர்கள். தொழிலாகக் கொள்ளும் காலம் வரும்போது அதனை எண்ணலாம். கையில் உள்ளதைக்கொண்டு ஒளியைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரே முகத்தைக் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையிலும் எடுத்து ஒப்பிடுங்கள். மூன்று நாளில் தெரிந்துகொள்வது மூன்று மாதப் பாடத்திற்குச் சமம்.

இரண்டு: கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். குறிப்பில்லாத சோதனை மறந்துபோகும்.

மூன்று: முகத்தை வெளுக்கும் வசதிகள் இன்று கைபேசியிலேயே வந்துவிட்டன. அவற்றை அழுத்துமுன், யாருடைய முகத்தை யாருக்காக மாற்றுகிறோம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு: பிறர் படத்தை அவர் இசைவின்றி எவருக்கும் அனுப்பாதீர்கள். பெண் பிள்ளைகளின் படங்களால் விளையும் தீங்கு குறித்துப் பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. அந்த அச்சத்தால் பெண்ணின் கையிலிருந்து கருவியைப் பிடுங்குவதைவிட, ஆணின் கைக்கு ஒழுக்கத்தைக் கற்பிப்பதே முறை.

ஐந்து: இக்கலை பிழைப்புக்கும் வழியாகும். சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு கற்பிக்கப்படுகிறது. திருமண வீடு, செய்தித்தாள், அறிவியல் ஆய்வுக்கூடம், தொல்லியல் அகழாய்வு ஆகிய எங்கும் படமெடுப்போர் தேவை. எனினும் பள்ளிப் படிப்பை இடையில் விட்டு இதற்கு ஓடாதீர்கள். கணக்கும் அறிவியலும் இக்கலையின் இரு கண்கள் என்பதை மேலே கண்டோம்.

சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் விளக்கேற்றி வந்துள்ளது. கூலி வேலை முடித்து வந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்கள், கைப்பிடி அரிசி கொடுத்து இதனை வளர்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே அவர்தம் முகங்கள் பதிவாக வேண்டும். சங்க நூலகத்தில் பொதுக் காமிரா ஒன்று இருக்கட்டும். நூல் இரவல் தருவதுபோல் அதையும் பதிவேட்டில் எழுதி மாணவருக்குத் தரலாம். எடுத்த படங்களைப் பெயரும் நாளும் எழுதி ஒரு பெட்டகத்தில் காக்கலாம். பொன்விழா மலர் தொகுக்கப்படும் நாளில், "அவர் முகம் எப்படி இருக்கும்?" என்று நம் பேரப்பிள்ளைகள் கேட்டால், எடுத்துக் காட்ட நம்மிடம் படம் இருக்க வேண்டும்.

அம்மாணவி இப்போது பத்தாம் வகுப்பில் பயில்கிறாள். இவ்விழாவின் படங்களை எடுக்கும் பொறுப்பைச் சங்கம் அவளிடமே ஒப்படைத்திருப்பது நமக்குப் பெருமகிழ்ச்சி தருகின்றது. விழா முடிந்ததும் பெரியோர் அனைவரும் மேற்குத் தாழ்வாரத்திற்கு வருமாறு அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மாலை ஒளி அரை மணி நேரமே நிற்கும். ஆகவே நாமும் இத்துடன் முடித்துக்கொள்கின்றோம்.